மூன்று மணிநேரத் தூக்கமே போதும் என்று தோன்றினால்: கல்லூரி வயதும் பைபோலார் சந்தேகமும்

போன மாதம் முழுக்கப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வகுப்புக்குப் போகவில்லை, இன்டெர்னல் தேர்வு ஒன்றும் கைவிட்டுப் போயிற்று. அதற்கு முந்தைய செமஸ்டரிலோ, ஒரு வாரம் இரவெல்லாம் விழித்திருந்து, மூன்று பேர் செய்ய வேண்டிய ப்ராஜெக்டைத் தனியாளாக முடித்த நினைவு. இப்போது போனில் ஒரு ரீல்ஸ் வருகிறது: 'உங்களுக்கு பைபோலார் இருப்பதற்கான அறிகுறிகள்'. ஒவ்வொன்றும் தன்னைப் பார்த்துச் சொல்வதுபோலவே இருக்கிறது. எனக்கு இருப்பது அந்த நோயா, இல்லை வயதின் கொந்தளிப்பா என்ற கேள்வி அன்றிலிருந்து விடாமல் துரத்துகிறது.

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கவும் கூடாது, தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளவும் கூடாது. பைபோலார், அதாவது மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கியும் சில காலம் ஆழமாகச் சோர்ந்தும் போகும் நோய், பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் முற்பாதியிலும்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. நோய் எதுவும் இல்லாத மனமும் அதே வயதில்தான் அதிகமாக ஆட்டம் காண்கிறது. இரண்டையும் பிரித்தறிய மருத்துவம் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## மனநிலை மாற்றம் வேறு, எபிசோட் வேறு

காலையில் உற்சாகம், மதியம் எரிச்சல், இரவில் அழுகை. ஒரே நாளில் இப்படி மூன்று முறை மனம் மாறினால் 'எனக்கு பைபோலார்' என்று சொல்லிக்கொள்வது இப்போது பேச்சுவழக்கில் வந்துவிட்டது. ஆனால் பைபோலார் பெரும்பாலும் மணிக்கொருமுறை மாறுகிற நோய் அல்ல. நாள்கணக்கில், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நகர்கிற நோய்.

மனநல மருத்துவர்கள் தேடுவது ஓர் எபிசோடை. ஒருவரின் மனநிலை, உடல் சுறுசுறுப்பு, தூக்கம், பேச்சு, எண்ண ஓட்டம், முடிவெடுக்கும் விதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, அவருடைய வழக்கமான இயல்பிலிருந்து விலகி, பல நாள்கள் அப்படியே நீடிக்கும் காலத்துக்கு எபிசோட் என்று பெயர். அதற்கு ஒரு தொடக்கம் இருக்கும், ஒரு முடிவும் இருக்கும். இரண்டு எபிசோடுகளுக்கு நடுவில் மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட, மனம் சமநிலையில் இருக்கும்.

ஆகவே 'என் மனம் மாறுகிறதா?' என்று கேட்டால் விடை கிடைக்காது. மாறாத மனம் யாரிடமும் இல்லை. 'நான் நானாக இல்லாத ஒரு வாரம், பத்து நாள் என்று ஏதாவது வந்ததா? அதை அறைத்தோழியோ அம்மாவோ கவனித்தார்களா?' என்று கேட்க வேண்டும்.

## எழுச்சி என்கிற முனை

பைபோலாருக்கு இருமுனை மனநிலைக் கோளாறு என்று தமிழில் பெயர். ஒரு முனை மனச்சோர்வு. இன்னொரு முனை மேனியா, அல்லது அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியா. இந்தக் கட்டுரையில் இவ்விரண்டையும் சேர்த்து எழுச்சி என்று சொல்லலாம். வாழ்நாளில் ஒருமுறைகூட எழுச்சி வராதவருக்கு, மனச்சோர்வு எத்தனை முறை வந்திருந்தாலும், பைபோலார் என்று பெயரிட மாட்டார்கள்.

நோயறிதலுக்கு உலகெங்கும் பயன்படும் கையேடுகள் இரண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 ஒன்று. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 மற்றொன்று. டி.எஸ்.எம்.-5 கணக்குப்படி, மனம் வழக்கத்துக்கு மாறாகப் பொங்கியோ எரிச்சலாகவோ இருக்க வேண்டும். உடலின் ஆற்றலும் செயல்பாடும் கூடியிருக்க வேண்டும். அதோடு கீழே உள்ள ஏழில் குறைந்தது மூன்று சேர்ந்து இருக்க வேண்டும்; பொங்குதல் இல்லாமல் எரிச்சல் மட்டும் என்றால் நான்கு.

1. தன்னைப் பற்றிய மதிப்பு அளவுக்கு மீறிப் போதல். தன்னால் முடியாதது ஒன்றுமில்லை என்ற உறுதி.
2. தூக்கத்தின் தேவை குறைதல்.
3. வழக்கத்தைவிட அதிகப் பேச்சு. மற்றவர் குறுக்கிட முடியாத வேகம்.
4. எண்ணங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுதல்.
5. கவனம் எளிதில் சிதறுதல்.
6. ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தொடங்குதல், அல்லது இருப்புக்கொள்ளாமல் அலைதல்.
7. பின்விளைவை யோசிக்காத செயல்கள்: கடன் வாங்கிச் செலவழிப்பது, கையில் இருக்கும் பணத்தை எல்லாம் ஆன்லைன் வர்த்தகத்தில் போடுவது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, பாதுகாப்பில்லாத பாலுறவு.

இரண்டாவதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாணவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். தூக்கம் வராமல் புரள்வதும் தூக்கமே தேவைப்படாமல் இருப்பதும் ஒன்றல்ல. தேர்வுப் பயத்தில் விழித்துக் கிடந்தவர் காலையில் கண் எரிய, தலை கனக்க எழுவார். மதிய வகுப்பில் தூங்கி விழுவார். எழுச்சியில் இருப்பவர் இரவு 2 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்து, குளித்து, மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, அன்று முழுக்கச் சோர்வே இல்லாமல் இருப்பார். இப்படி நான்கைந்து நாள் தொடர்ந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

கால அளவும் முக்கியம். மேனியா என்று சொல்லக் குறைந்தது ஒரு வாரம், ஏறத்தாழ தினமும், நாளின் பெரும்பகுதி இந்த நிலை இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போய்விட்டால் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. மேனியாவில் படிப்பு, வேலை, உறவு ஆகியவை உடையும். சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், தனக்குத் தெய்வ சக்தி வந்துவிட்டதாக அசையாத நம்பிக்கை வரும். ஹைப்போமேனியாவுக்குத் தொடர்ந்து 4 நாள் போதும். மாற்றம் மற்றவர் கண்ணில் படும், ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடாது. அதனால்தான் அது நோயின் பகுதி என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

எழுச்சி என்றதும் எப்போதும் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கு அது எரிச்சலாகவே வெளிப்படும். வார்டனோடு சண்டை, அப்பாவிடம் கத்தல், நண்பர்கள் குழுவை விட்டு ஒரே இரவில் வெளியேறுதல் என்று போகும். இன்னும் சிலருக்கு இரு முனைகளும் கலந்து வரும்: மனம் இருண்டு கிடக்க, உடலும் எண்ணமும் மட்டும் வேகமாக ஓடும். இந்தக் கலப்பு நிலை தற்கொலை எண்ணம் செயலாக மாறும் ஆபத்து கூடிய நிலை என்பதால் மருத்துவர்கள் இதை மிகக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

## சோர்வு என்கிற முனை

குறைந்தது இரண்டு வாரம், ஏறத்தாழ தினமும் மனம் கனத்துக் கிடப்பது, அல்லது பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. கூடவே பசி, தூக்கம், கவனம், உடல் வேகம் ஆகியவற்றில் மாற்றம், காரணமில்லாத குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம். பைபோலாரின் சோர்வும் சாதாரண மனச்சோர்வும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பைபோலார் உள்ளவர்களில் பலர் எழுச்சியில் கழிக்கும் நாள்களைவிடச் சோர்வில் கழிக்கும் நாள்கள்தான் அதிகம்.

## வகைகள்

1. முதல் வகை: வாழ்நாளில் ஒருமுறையாவது முழு மேனியா வந்திருந்தால்.
2. இரண்டாம் வகை: முழு மேனியா ஒருமுறையும் இல்லாமல், ஹைப்போமேனியாவும் கடுமையான மனச்சோர்வும் வந்திருந்தால்.
3. சைக்ளோதைமியா: இரண்டு முனைகளின் லேசான ஏற்ற இறக்கங்கள், எபிசோட் அளவைத் தொடாமல், குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்திருந்தால்.

இரண்டாம் வகையை 'லேசான பைபோலார்' என்று சிலர் சொல்வது தவறு. அதன் சோர்வுக் காலங்கள் நீண்டவை; தற்கொலை ஆபத்தும் குறைந்ததல்ல.

## ஏன் இந்த வயதில்?

மரபின் பங்கு மிகப் பெரிது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 10. இதைத் திருப்பியும் படிக்கலாம்: நூற்றுக்கு 90 பேருக்கு வருவதில்லை. எந்த ஒரு தனி மரபணுவும் இதற்குக் காரணமில்லை. சின்னச் சின்னப் பங்களிப்புச் செய்யும் பல மரபணுக்கள் சேர்ந்து ஒருவரை எளிதில் பாதிக்கக்கூடியவராக ஆக்குகின்றன.

நம் வீடுகளில் குடும்ப வரலாற்றைக் கேட்டு அறிவதே ஒரு பாடு. பெரியப்பாவுக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்பார்கள். அத்தைக்கு 'காத்து கருப்பு' பட்டது என்பார்கள். தாத்தாவைக் கொஞ்ச நாள் குணசீலம் கோயிலிலோ ஏர்வாடி தர்காவிலோ கொண்டுபோய் வைத்திருந்தோம், அப்புறம் சரியாகிவிட்டது என்பார்கள். நோயின் பெயர் எங்குமே வராது. ஒருவர் சில மாதம் ஊரையே விலைக்கு வாங்குவதுபோலப் பேசித் திரிந்துவிட்டு, அப்புறம் சில மாதம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தார் என்ற கதை குடும்பத்தில் இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லலாம்.

மரபு துப்பாக்கியில் குண்டு மாதிரி என்றால் விசையை அழுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கம் கெடுவது எழுச்சியின் அறிகுறி மட்டுமல்ல, அதைத் தூண்டிவிடவும் கூடியது. கல்லூரி வாழ்க்கையோ தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது: முதன்முறையாக வீட்டை விட்டுப் பிரிவு, விடுதியின் இரவு அரட்டை, தேர்வுக்கு முந்தைய இரவுகள், விடியும்வரை போன், சிலருக்குக் கஞ்சா, சிலருக்கு மது. ஏற்கெனவே மரபால் எளிதில் பாதிக்கப்படக்கூடிய ஒருவருக்கு இவை எல்லாம் ஒரே செமஸ்டரில் சேர்ந்து வருகின்றன. மனவுறுதி இல்லாததால் வந்தது, வளர்ப்பு சரியில்லாததால் வந்தது என்று சொல்வதற்கு இதில் எந்த இடமும் இல்லை.

## பைபோலார் போலத் தோன்றக்கூடியவை

1. தூக்கக் குறைவும் தேர்வு நெருக்கடியும். ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கி, சாப்பிட்டு, வீட்டில் இருந்ததும் மனம் தெளிந்துவிட்டால் இதுவாக இருக்கலாம்.

2. தைராய்டு. சுரப்பு கூடினால் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை, எடை குறைதல். சுரப்பு குறைந்தால் சோர்வு, மந்தம், எடை கூடுதல். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதால் மருத்துவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

3. போதைப்பொருள்களும் சில மருந்துகளும். கஞ்சா, ஊக்க மருந்துகள், ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவை எழுச்சி போன்ற நிலையை உண்டாக்கலாம். மருத்துவரிடம் இதை மறைத்தால் நோயறிதல் முழுவதுமே தடம் மாறிவிடும்.

4. கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, அதாவது ஏ.டி.எச்.டி. அதிலும் கவனச்சிதறல், அதிகப் பேச்சு, அவசர முடிவு எல்லாம் உண்டு. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. சிறுவயதிலிருந்தே, எல்லா நாளும், ஒரே மாதிரி இருக்கும். பைபோலார் வரும், போகும்.

5. உணர்ச்சி நிலையின்மை கொண்ட ஆளுமைச் சிக்கல். பார்டர்லைன் என்று அழைக்கப்படுவது. ரீல்ஸ் பார்த்து பைபோலார் என்று நினைத்துக்கொள்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் பொருந்துவது இதுவாக இருக்கலாம். இதில் மனம் சில மணிநேரத்தில் மாறும், பெரும்பாலும் உறவு சார்ந்த காரணம் இருக்கும்: பதில் வராத ஒரு மெசேஜ், நெருங்கியவர் விலகிப்போவார் என்ற பயம், உள்ளுக்குள் வெறுமை. சிகிச்சையின் மையம் இங்கே மருந்து அல்ல, நீண்ட காலப் பேச்சு சிகிச்சை. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

6. மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலை மாற்றம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் வந்து, தொடங்கிய சில நாளில் விலகும். இரண்டு மாதம் தேதி குறித்தாலே வடிவம் தெரியும்.

7. மனச்சோர்வு மட்டும். சாதாரணமாக அதிகம் காணப்படுவது இதுதான்.

## வினாப்பட்டியல் 'ஆம்' என்றால் என்ன பொருள்?

இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியல்களில் சில, மருத்துவர்களே உருவாக்கியவை. ஆனால் அவை சலித்தெடுக்க உதவுபவை, முடிவு சொல்பவை அல்ல. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1000 மாணவர்கள் இருக்கும் ஒரு கல்லூரியில் 10 பேருக்கு பைபோலார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வினாப்பட்டியல் உண்மையில் நோய் உள்ள 10 பேரில் 7 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாத 990 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 99 பேரை, தவறாக 'ஆம்' என்கிறது. மொத்தம் 106 பேர் 'ஆம்' வாங்குகிறார்கள், அவர்களில் நோய் உள்ளவர் 7 பேர். பதினைந்தில் ஒருவர்! அதே நேரம் நோய் உள்ள 3 பேர் 'இல்லை' என்ற பதிலோடு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். எண்கள் கணக்குக்காக வைத்தவை என்றாலும், அரிதான எந்த நோயிலும் கணக்கு இப்படித்தான் நடக்கும்.

பைபோலார் எவ்வளவு அரிது? பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வந்தவர்கள் வயது வந்தோரில் 0.5 சதவீதம். சதவீதம் சிறிதாகத் தெரிந்தாலும் நாட்டின் மக்கள்தொகையில் அது பல லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சையில் இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் நிலைமை புரியும்: நோய் இல்லாத பலர் இருப்பதாகப் பயப்படுகிறார்கள், உண்மையில் உள்ளவர்கள் தெரியாமல் இருக்கிறார்கள்.

## சோர்வை மட்டும் சொன்னால் என்ன ஆகும்?

சந்தேகத்தோடு மருத்துவரைப் பார்க்கப் போகும் மாணவர் இந்த ஒன்றை மட்டுமாவது தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் ஆண்டு பொறியியல், கோவையில் விடுதி. முதலாண்டு முடிவில் பத்து நாள் அவருக்கு ஒளிமயமான காலம்: மூன்று மணிநேரத் தூக்கம், நான்கு கிளப்புகளில் சேர்க்கை, விடிய விடியத் திட்டங்கள், தோழியின் கார்டில் 20,000 ரூபாய்க்குப் பொருள்கள். வகுப்பில் எல்லோரும் அவர் தன்னம்பிக்கையைப் பாராட்டினார்கள். அறைத்தோழி மட்டும் 'நீ ஏண்டி இப்படி ஆயிட்ட?' என்று கேட்டார். ஐந்து மாதம் கழித்துச் சோர்வு வருகிறது. அரியர் விழுகிறது. ஒருவழியாகத் தைரியம் சேர்த்து மருத்துவரிடம் போகிறார். என்ன சொல்வார்? அழுகை, தூக்கம், வகுப்புக்குப் போக முடியாதது, இதையெல்லாம் சொல்வார். அந்தப் பத்து நாளைச் சொல்ல மாட்டார். அவரைப் பொறுத்தவரை நோய் இல்லாமல் இருந்த, தான் தானாக ஒளிர்ந்த நாள்கள் அவை. மீண்டும் அப்படி ஆகிவிட வேண்டும் என்பதுதானே அவருடைய ஆசை?

மருத்துவருக்கு அப்போது தெரிவது மனச்சோர்வு மட்டுமே. நெரிசலான ஓ.பி.யில் பழைய கதையைத் துருவிக் கேட்க நேரமில்லாமல் போகலாம். மனச்சோர்வு நீக்கி மாத்திரை எழுதித் தரப்படுகிறது. பைபோலார் உள்ள சிலருக்கு இந்த மாத்திரை, மனநிலையைச் சமன்செய்யும் மருந்தின் துணை இல்லாமல் தனியாகத் தரப்படும்போது, எழுச்சியைத் தூண்டிவிடலாம். அல்லது பலனே இல்லாமல் மாத்திரை மாற்றி மாற்றி வருடங்கள் போகலாம். சரியான பெயர் கிடைப்பதற்குள் பலர் பல ஆண்டுகளை இழப்பது இப்படித்தான். படிப்பும் நட்பும் முதல் வேலையும் அமைகிற ஆண்டுகள் அவை.

எனவே, 25 வயதுக்குள் மனச்சோர்வு வந்திருந்தால், குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் இருந்து, சோர்வு திடீரென்று தொடங்கி, திரும்பத் திரும்ப வந்துபோயிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் எழுச்சி நாள்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் பார்த்து மாற்றுவார்.

## யாரிடம் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது

பைபோலாரைக் கண்டறிந்து மருந்து தரக்கூடியவர் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் பேச்சு சிகிச்சையும் தருவார், மருந்து எழுத மாட்டார். கல்லூரி ஆலோசகர் முதல் வாசலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சிகிச்சை கிடைக்கிறது. சென்னையில் 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. தனியார் கட்டணம் கட்ட முடியாது என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பைபோலாரைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பரிசோதனைகள் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான். மருத்துவர் நம்பியிருப்பது நீங்கள் கொண்டுவரும் கதையை. ஆகவே:

1. ஒரு தாளில் கடந்த மூன்று நான்கு வருடங்களை வரையுங்கள். எந்த மாதம் உயரம், எந்த மாதம் பள்ளம், அப்போது தூக்கம் எத்தனை மணிநேரம், தேர்வோ காதல் முறிவோ காய்ச்சலோ இருந்ததா என்று குறியுங்கள்.
2. உங்களைத் தினமும் பார்க்கும் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். எழுச்சியில் இருப்பவருக்குத் தன் மாற்றம் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.
3. எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கஞ்சா, மது உட்பட, சொல்லுங்கள்.
4. இன்றிலிருந்து தினமும் ஒரு வரி: தூங்கிய நேரம், மனநிலைக்கு ஒரு மதிப்பெண், முக்கிய நிகழ்வு. இரண்டு மாதக் குறிப்பு, இரண்டு மணிநேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

முதல் சந்திப்பிலேயே உறுதியான பெயர் கிடைக்காமல் போகலாம். 'கொஞ்ச நாள் கவனிப்போம்' என்று மருத்துவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பு அல்ல. காலத்தில் விரியும் நோயைக் காலத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

## பெயர் உறுதியானால்

1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மேனியாவில் இருந்த நோயாளிகளுக்கு லித்தியம் என்ற எளிய உப்பு பலனளிப்பதை வெளியிட்டார். அமெரிக்கா 1970-ல் அதை மேனியாவுக்கு அனுமதித்தது. இன்றும் அது முதல்வரிசை மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ள மருந்தும்கூட. அதற்கு ஒரு கண்டிப்பு உண்டு: ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். அதனால் ரத்தத்தில் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் இடைவெளி விட்டுப் பரிசோதிப்பார்கள். நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் சேரும். வியர்த்துக் கொட்டியோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறிவிடும். மெடிக்கலில் நாமாக வாங்கும் ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வால்ப்ரோயேட், லமோட்ரிஜின், க்வெட்டியாபின், ஒலான்சபின் என்று வேறு மருந்துகளும் உண்டு. வால்ப்ரோயேட் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் இளம்பெண்களுக்கு முடிந்தவரை தவிர்ப்பார்கள். கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். லமோட்ரிஜின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். லித்தியமும் வால்ப்ரோயேட்டும் அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. 'மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய், நிறுத்து' என்று உறவினர் சொல்லி, நன்றாக இருக்கும்போதே நிறுத்திவிடுவது எபிசோட் திரும்பி வருவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.

மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது ஒழுங்கான நாள்: ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது, கஞ்சாவைத் தொடாதது, தேர்வுக்கு முன் இரவு முழுக்க விழிக்காதது. இதற்கெனவே வகுக்கப்பட்ட பேச்சு சிகிச்சை முறைகளும் உள்ளன. படிப்பை விட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். ஒரு செமஸ்டர் இடைவெளி சிலருக்குத் தேவைப்படலாம். சிகிச்சையில் இருந்தபடியே பட்டம் முடித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

இந்தியாவில் 2018-லிருந்து நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைத் தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றும் அது சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம்.

## அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாத நிலைகள்

1. சாவைப் பற்றிய எண்ணம் திட்டமாக மாறுவது. பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது, விடைபெறுவதுபோலப் பேசுவது.
2. இரண்டு மூன்று நாள் ஏறத்தாழத் தூக்கமே இல்லாமல் ஆற்றல் பொங்கிக்கொண்டிருப்பது.
3. இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது.
4. உயிருக்கோ பணத்துக்கோ பெரும் சேதம் வரும் செயல்களில் இறங்குவது.

இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே, நள்ளிரவானாலும், அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், 108-ஐ அழைக்கலாம். பேசுவதற்கு, மத்திய அரசின் டெலி-மனஸ் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணிநேரமும், தமிழிலும் இருக்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.

விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நண்பருக்கு: 'செத்துப் போகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் அறிவுரை சொல்ல வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். தனியாக விடாமல் கூடவே இருந்து, வார்டனுக்கோ வீட்டுக்கோ ஒரு போன் போட்டு, மருத்துவமனைவரை உடன் போங்கள். அங்கே மருத்துவர் கேட்கும்போது, கடந்த சில வாரங்களில் அவர் எப்படித் தூங்கினார் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.